மாராத்தாவின் அரிசி

ஜனவரி 2, வெள்ளி

இந்த வருடம் எங்கள் வீட்டுக்கு ஒரு டைரிகூட வரவில்லை. போன வருடம் நூல் கடை, பட்டன் கடை, ஊசிக் கடை என்று ஏழு வந்தன. எட்டுத் தையல் மெஷினும் நின்றுபோன பனியன் கம்பெனிக்கு யார் டைரி கொடுப்பார்கள்? போன வருடம் எழுதாமல் விட்ட ஒன்றைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். கிழமையை மட்டும் அடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது.

நிலவரம் இதுதான். ஆர்டர் நின்றது ஐப்பசியில். கார்த்திகையில் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து காலில் பிளேட் வைத்தாகிவிட்டது. மார்ச் வரை காலை ஊன்றக் கூடாது. சர்க்கரை வேறு. வேளைக்குச் சாப்பிடாவிட்டால் அவருக்குக் கை நடுங்கும், எங்களுக்குக் காது வலிக்கும், அப்படிக் கத்துவார். மகள் பிரகதிக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. அரிசி மூட்டைக்குள் கையை விட்டால் சாக்கு தட்டுகிறது.

இன்று ஒரு முடிவு எடுத்தேன். பிரகதி கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வரும் நாள்வரை இந்த வீட்டில் ஒரு வேளைகூட அடுப்பு எரியாமல் இருக்காது. எப்படி என்று தெரியாது. எழுதியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது.

ஜனவரி 5, திங்கள்

மாராத்தா பையோடு வந்து நின்றாள். ஒன்பது வருடம் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவியவள். போன மாதம்தான், “நானே பாத்துக்கறேன் மாராத்தா, உடம்பு இளைக்கோணும்னு டாக்டர் சொல்லீட்டாரு” என்று நிறுத்தினேன். வேலை நின்றாலும் அரிசி நிற்காது என்று நம்பி வந்திருக்கிறாள்.

ரேஷன் கார்டு எங்களுடையது, கட்டைவிரல் என்னுடையது, அரிசி அவளுடையது. இதுதான் ஏற்பாடு. “ரேஷன் அரிசியை நாம சாப்பிடறதா?” என்று இவர் பத்து வருடம் முன்னால் மீசையை முறுக்கினார். மாராத்தா வேலைக்கு வந்ததிலிருந்து இப்படித்தான். மாதம் பிறந்ததும் நான் போய் ரேகை வைப்பேன், அவள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போவாள். அவளுக்கென்று கார்டு கிடையாது. அவள் பேர் தாராபுரத்தில் புருசன் கார்டில் இருக்கிறது. அந்த ஆள் இன்னொருத்தியோடு இருக்கிறான். பேரை எடுக்கவும் விடமாட்டான்.

“மெஷின் ரிப்பேராமா மாராத்தா. இந்த மாசம் அரிசி போடுறாங்களோ என்னமோ.”

“அப்படீங்களாம்மா?” என்றாள். வெளியே துவைகல் மேல், அவளுக்கென்று தனியாக இருக்கும் டம்ளரில் டீ வைத்தேன். குடித்து, கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

ஜனவரி 6, செவ்வாய்

மூன்று மணி வெயிலுக்கு ரேஷன் கடையில் கூட்டம் இருக்காது என்று கணக்குப் போட்டுப் போனேன். என்னைப் போலவே கணக்குப் போட்ட பதினோரு பேர் நின்றார்கள்.

எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு ரேகை விழவே இல்லை. மெஷின் நாலு தடவை கீச்சென்று கத்தியது. சேல்ஸ்மேன் சலித்துக்கொண்டார். “பாத்திரம் தேய்க்கற கைக்கெல்லாம் இது வுழாதுங்க. போயி நல்லாத் தொடச்சுட்டு வாங்க.” நான் வைத்தேன். வைத்த நொடியில் பச்சை விளக்கு. “உங்களுது எப்பவுமே ஒரே அமுக்குதானுங்க்கா” என்றார். பெருமையாகத்தான் இருந்தது. இப்போது எழுதும்போது இதற்கெல்லாமா பெருமை என்று தோன்றுகிறது.

“ஏனுங்க, அந்தம்மா வர்லீங்களா?”

“ஊருக்குப் போயிருக்கு.”

ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே மூட்டையை வைத்து, மேலே பெட்ஷீட்டைப் போட்டு மூடிக்கொண்டு வந்தேன். அரிசியைக் கடத்துகிறவர்கள்கூட இத்தனை பயப்பட மாட்டார்கள்.

ஜனவரி 8, வியாழன்

ரேஷன் அரிசியில் இட்லி. அவர் ஆறு சாப்பிட்டார்.

“அரிசி மாத்தினியா?”

“ஏன்?”

“மல்லிகைப்பூவாட்ட இருக்குது. இதையே வாங்கு.”

“சரிங்க” என்றேன். பிரகதி தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பொங்கியது.

ஜனவரி 27, செவ்வாய்

சோற்றுக்குக் கடை அரிசி பாதி, ரேஷன் அரிசி பாதி என்று ஆரம்பித்தது இப்போது கடை அரிசி பேருக்கு ஒரு பிடி என்று ஆகிவிட்டது. நான் ஒருத்தி மத்தியானம் வெளியே சாப்பிட்டால் வீட்டுக்கு ஒரு ஆள் அரிசி மிச்சம். பக்கத்துக் கோவில் அன்னதானத்தில் எல்லாம் தெரிந்த முகங்கள். அதனால் ஊருக்கு அந்தக் கடைசியில் இருக்கும் முருகன் கோவிலுக்குப் போனேன். வீட்டில், தையல் ஆர்டர் கேட்கப் போவதாகச் சொன்னேன்.

பதினொன்றரைக்கு வரிசை கோவில் மதிலைத் தாண்டி நின்றது. கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவள் திரும்பினாள். மாராத்தா.

ஓடிவிடலாமா என்று பார்த்தேன். செருப்பை ஏற்கெனவே விட்டாகிவிட்டது.

“வாங்கம்மா” என்றாள், ஏதோ அவள் வீட்டு வாசலில் நிற்பதுபோல. “இது சோத்துக்கு வரிசைங்க. முன்னால டோக்கன் வாங்கோணும். அக்கட்ட சன்னல்ல தருவாங்க. பன்னண்டு ஆச்சுன்னா சாத்திப்போடுவாங்க, வெசயாப் போயிட்டு வாங்க. எடத்தை நான் பாத்துக்கறன்.”

டோக்கனோடு திரும்பி வந்ததும், “ஒரு வேண்டுதல். பதினோரு நாள் அன்னதானத்துல சாப்பிடறதா” என்றேன்.

“ஆமாங்கம்மா. எனக்கும் வேண்டுதல்தானுங்க.”

சிரிக்கவில்லை அவள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். சாம்பார் நன்றாக இருந்தது. மோர் இரண்டாம் தடவை கேட்கலாம், ரசம் கேட்டால் முறைப்பார்கள் என்று சொல்லிக்கொடுத்தாள். நான் கேட்க நினைத்தது வேறு. ஒன்பது வருடத்தில் இவளைக் கோவில் சோற்று வரிசையில் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை. கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 2, திங்கள்

இந்த மாத அரிசியை வாங்கிப் பாதியை வேறு பையில் போட்டுக்கொண்டு மாராத்தா வீட்டைத் தேடிப் போனேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. ஒற்றை அறை, வெளியே ஓட்டுச் சார்ப்பு, அதில் அடுப்பு. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள்.

“மெஷின் சரியாயிருச்சு மாராத்தா.”

“அது ரிப்பேரே ஆவலைன்னு சேல்ஸ்மேன் அன்னைக்கே சொன்னாருங்க.”

உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன், வேறென்ன செய்ய? டீ போட்டாள். பரணிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கழுவினாள். கடை ஸ்டிக்கர்கூட உரியவில்லை.

“இது யாரும் வாய் வெக்காததுங்கம்மா. தைரியமாக் குடியுங்க.”

டீ நல்ல டீ. இஞ்சி போட்டிருந்தாள். அதைத் தவிர வேறு எதையும் எழுத வரவில்லை.

கிளம்பும்போதுதான் சொன்னாள். “மூணு வருசத்துக்கு முன்னால, எனக்குத் தனியாக் கார்டு வாங்க மனு எழுதித் தர்றன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்குதுங்களா?”

இருக்கிறது. நன்றாக இருக்கிறது. கவுன்சிலர் தெரிந்தவர், ஆபீசர் தெரிந்தவர் என்று அளந்தேன். பிறகு, நம் அரிசிதான் போகிறதே, இவளுக்கு எதற்குத் தனிக் கார்டு என்று விட்டுவிட்டேன். கொடுக்கிறவள் என்கிற பேர் எனக்கு வசதியாக இருந்தது. அன்றைக்கே ஒரு தாளில் நாலு வரி எழுதியிருந்தால் இந்தப் பையில் பாதி, அந்தப் பையில் பாதி என்று நான் பிரித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார எனக்கு நேரமில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

மனு எழுதினேன். ஒன்பது வருடமாகக் கணவரைப் பிரிந்து, இரண்டு பிள்ளைகளோடு, தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். மூன்று தடவை அடித்து எழுதி, நாலாவது சுத்தப் பிரதி. இருவரும் தாலுகா ஆபீசில் வழங்கல் பிரிவுக்குப் போனோம். எனக்குத் தெரிந்த ஆபீசர் மாற்றலாகிப் போய் இரண்டு வருடம் ஆகிறதாம். அது இன்னும் நல்லது, எங்கள் நிலைமை அவருக்குத் தெரிய வேண்டாம். ஜன்னலில் இருந்தவர், “புருசன் சம்மதம் வேணும்” என்றார்.

“அந்தச் சம்மதம் கிடைக்கும்னா இந்த மனுவே வேண்டாமுங்களே” என்றேன்.

என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு ரசீது கொடுத்தார். வீட்டுக்கு விசாரணைக்கு வருவார்களாம். தனி அடுப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்களாம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஒரு கல்யாண மண்டபத்தில் மாராத்தாவோடு கூடமாட ஒத்தாசைக்குப் போனேன். வரும்போது தூக்குப்போசி நிறையச் சாம்பார், அவியல், பாயசம், சோறு தனி. பிரகதிக்கு ஜாங்கிரி.

“யார் ஊட்டுக் கல்யாணம்?” என்றார் இவர்.

“ஒறம்பரைதானுங்க.”

“எந்த ஒறம்பரை, எந்தச் சொந்தம்? எனக்குத் தெரியாம? மொய் வெச்சியா?”

“அதெல்லாம் வெச்சாச்சு. அவியலைச் சாப்பிடுங்க, ஆறிப்போயிரும்.”

பிப்ரவரி 12, வியாழன்

மறுபடியும் கல்யாணம். நல்ல மாதம். மண்டப மேஸ்திரி, “அக்கா கை நல்லா ஓடுது, அடுத்த முகூர்த்தத்துக்கும் வந்துருங்க” என்றார். ஒத்தாசைதானே, போவதில் தப்பில்லை.

பாத்திரம் விளக்கும் பவுடர் தீர்ந்துவிட்டதாம், சாம்பலும் மணலும் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 21, சனி

ரம்ஜான் பிறந்துவிட்டது. காங்கயம் ரோட்டுப் பக்கத்துப் பள்ளிவாசலில் சாயங்காலம் நோன்புக் கஞ்சி கொடுப்பார்கள், யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று மாராத்தா சொன்னாள். போசியோடு போனேன். ஊற்றியவர் என் முகத்தையே பார்க்கவில்லை, போசியைத்தான் பார்த்தார். “எத்தன பேருங்க?” என்று மட்டும் கேட்டு ஒரு கரண்டி சேர்த்து ஊற்றினார். அவரைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

பிரகதி இரண்டு டம்ளர் குடித்தாள். குடித்துவிட்டு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“ஏம்மா கை இப்படி இருக்குது?”

“சோப்பு மாத்தினேன். ஒத்துக்கல. நீ போயி கெமிஸ்ட்ரி படி.”

பிப்ரவரி 25, புதன்

விசாரணைக்கு ஆள் வருகிறது என்று பக்கத்து வீட்டுப் போனிலிருந்து மாராத்தா கூப்பிட்டாள். ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனேன்.

வந்தவர் இளம் வயது. நல்ல மாதிரிதான். ஆனால் கண்ணாலேயே அளக்கிற ஆள். சார்ப்புக்குள் குனிந்து அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்திருக்கிறது. பக்கத்தில் சாம்பல் இல்லை, விறகு இல்லை. சட்டியைத் திறந்தார், காலி.

“ஏம்மா, இங்க சமைக்கற மாதிரியே தெரியலையே. தனி அடுப்புன்னு மனுவுல போட்டிருக்கு. நெசமாலுமே இங்கதான் குடியிருக்கீங்களா?”

மாராத்தா சட்டியை மூடி வைத்தாள். தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். நான் கொடுத்த பாதி அரிசி இருபதாம் தேதியோடு தீர்ந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரிந்தது. காலையில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் போடுகிறார்கள், மத்தியானமும் அங்கேயே. இவள் கோவிலில். ராத்திரிக்கு மண்டபத்திலிருந்து வந்தால் உண்டு. இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னதே இல்லை. என் அடுப்பு எரிய வேண்டும் என்று நான் சபதம் போட்டு டைரியில் எழுதிக்கொண்டிருந்தேன்.

“சார், நான் சொல்றேன்” என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “ஒம்பது வருசமா என்ற கார்டு அரிசியிலதானுங்க இந்த அடுப்பு எரிஞ்சுது. எங்க கம்பெனி நின்னுபோச்சு. அரிசி எங்களுக்கே வேண்டியதாயிருச்சு. பொய்யச் சொல்லி நிறுத்தினது நான். அதனாலதான் அடுப்பு அணைஞ்சு கெடக்குது. குடியிருக்கறது இவ இங்கதான். நானும் இப்பக் கோயில்லதான் சாப்பிடறேன், பள்ளிவாசல்ல கஞ்சி வாங்கறேன், இவகோடப் போயி மண்டபத்துல பாத்திரம் கழுவறேன். நம்பலைன்னா யார வேண்ணாலும் கேளுங்க.”

தெருவே கேட்டது. எங்கள் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டிய பெண் ஒருத்தியும் அந்தக் கூட்டத்தில் நின்றாள்.

“உங்க கார்டு அரிசிய வேறொருத்தருக்குக் கொடுக்கக் கூடாதுங்கறது தெரியுமாங்க? கார்டையே நிறுத்திப்போடலாம்.”

பரீட்சைக்கு ஐந்து நாள் இருக்கிறது. “தெரியுமுங்க. எழுதறதுன்னா எழுதிக்கோங்க. ஆனா இவ கார்டை எழுதிப்போட்டு அப்புறம் என்னுத எழுதுங்க.”

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு எழுதினார். கையெழுத்து வாங்கும்போது எட்டிப் பார்த்தேன். ‘தனியே வசிக்கிறார். தனிச் சமையல்.’ அவ்வளவுதான். என் பேர் அதில் இல்லை.

அவர் போனதும் மாராத்தா, “எதுக்குங்க்கா இத்தனை பேர் முன்னால” என்றாள். அம்மா என்று கூப்பிடவில்லை. அதை அவளும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 2, திங்கள்

தமிழ்ப் பரீட்சை. இட்லி. சுலபமாக இருந்ததாம், பரீட்சை.

மார்ச் 5, வியாழன்

இந்த மாத அரிசியையும் பாதி பாதி. இம்முறை பிரித்தது மாராத்தா. என் பையில் ஒரு படி அதிகம் போட்டாள். “பிள்ளைக்குப் பரீச்சைங்க்கா.” திருப்பிப் போட்டேன். மறுபடி போட்டாள். கடை வாசலில் இரண்டு பேரும் அரிசியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து, எடை போடுகிறவர், “ஏனுங்க, தராசு வேணுமா?” என்றார்.

மார்ச் 14, சனி

அவர் கோல் ஊன்றி முதல் தடவையாகச் சமையலறைக்கு நடந்து வந்தார். நேராக ரேஷன் சாக்கின் முன்னால் வந்து நின்றார். சாக்கில் முத்திரை, எழுத்து, எல்லாம் இருக்கிறது. மறைக்க வழியில்லை.

நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். கத்தினால் திருப்பிக் கத்துவதற்கு இரண்டரை மாதச் சரக்கு என்னிடம் இருந்தது.

“அந்த இட்லி இதுதானா?”

“இதுதான்.”

“கல்யாணச் சாப்பாடு?”

“பாத்திரம் கழுவினதுக்குக் குடுத்தாங்க.”

கோலில் சாய்ந்து சாக்கைத் தொட்டுப் பார்த்தார். “பத்து வருசம் நல்ல இட்லிய உட்டுட்டமே” என்றார். திரும்பிப் போகும்போது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் பார்க்காத மாதிரி உளுந்து ஊற வைத்தேன்.

மார்ச் 19, வியாழன்

அடுப்பு எரிந்தது. என்ன வெந்தது என்று எழுதப்போவதில்லை.

மார்ச் 26, வியாழன்

கடைசிப் பரீட்சை. பிரகதி பையை வீசிவிட்டு, “அம்மா, பசிக்குது” என்றாள். சோறு இருந்தது. கீரைக் கடைசல் இருந்தது. ஜனவரி 2-ஐப் புரட்டிப் பார்த்தேன். சொன்னபடி செய்துவிட்டேன், மார்ச் 19-ஐக் கணக்கில் சேர்த்தாலும்.

அவருக்கு ஏப்ரலிலிருந்து ஒரு கம்பெனியில் உட்கார்ந்தபடி செக்கிங் பார்க்கும் வேலை. நான் மண்டபத்தை விடுவதாக இல்லை.

ஏப்ரல் 4, சனி

மாராத்தாவுக்குக் கார்டு வந்துவிட்டது. அவள் போட்டோ, அவள் பேர், இரண்டு பிள்ளைகள் பேர். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவள். பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே இன்னொரு கவர் போட்டு, முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள்.

காலையில் போய் வரிசையில் நின்றோம். மூன்று மணிக் கணக்கெல்லாம் இப்போது கிடையாது. அவள் முன்னால், நான் பின்னால்.

அவள் முதல் தடவை வைத்தாள், மெஷின் கீச்சென்றது. இரண்டாவது தடவையும் கீச். அவள் பதறவில்லை. கட்டைவிரலைத் தன் தலை வகிட்டில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு வைத்தாள். பச்சை. “எண்ணெய் பட்டா வுழுந்துருமுங்க” என்று சேல்ஸ்மேனிடமே விளக்கம் சொன்னாள். அவளுக்கு முகமெல்லாம் பல்.

அடுத்து நான். வைத்தேன்.

கீச்.

துடைத்துவிட்டு வைத்தேன். கீச். இன்னொரு கை. கீச்.

சேல்ஸ்மேன் நிமிர்ந்து பார்த்தார். “உங்களுது ஒரே அமுக்குல வுழுமேங்க்கா?” என்றவர் என் கையைப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் என் தலையில் விரலைத் தேய்த்துப் பார்த்தேன், வறண்டு கிடந்தது. வீட்டில் எண்ணெய் தாளிப்பதற்குத்தான் இருக்கிறது, தலைக்கு வைத்து ஒரு மாதம் ஆகிறது.

மாராத்தா மூட்டையைக் கீழே வைத்தாள். என் கட்டைவிரலைப் பிடித்தாள். தலையைக் குனிந்து என் முன்னால் நீட்டினாள்.

“என்ற தலையில தேய்ங்க்கா. நேத்துத்தான் வெச்சன்.”

அத்தனை பேர் பார்க்க, அவள் வகிட்டில் என் விரலை வைத்துத் தேய்த்தேன். தேங்காய் எண்ணெய். தலை வெயிலில் சூடாக இருந்தது. ஒன்பது வருடம் என் வீட்டில் நடமாடியவளை நான் தொட்டது இதுதான் முதல் தடவை.

மெஷினில் வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

அவரவர் மூட்டையை அவரவர் தூக்கிக்கொண்டு நடந்தோம். போகிற வழியில் எங்கள் வீடுதான் முதலில் வரும். “உள்ள வந்து டீ குடிச்சிட்டுப் போ” என்றேன். வந்தாள்.